சம்ப்புத் தண்ணி

“மோகா, இது என்ன தண்ணிடா?” என்று அக்கா கேட்டபோது மோகனசுந்தரத்தின் தலையும் தோளும் மீன்தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் இருந்தன. கால் இரண்டும் கூடத்தில் நீட்டிக் கிடந்தன. மேலே தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை, கீழே புதிதாக வைத்த கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்து வால்வை முறுக்கிக்கொண்டிருந்தான்.

“சம்ப்புத் தண்ணிக்கா.”

அவ்வளவுதான் சொன்னான். பேச்சில் அவன் எப்போதுமே கஞ்சன். இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவர்கள் தோட்டத்துப் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும் ஆகும், மனுசன் வாயில் வைக்க ஆகாது. பைப்பில் வருகிற நல்ல தண்ணீரை வாசலில் தரைக்கடியில் கட்டிய சம்ப்பில் பிடித்து வைத்துத்தான் குடிப்பார்கள். சம்ப்புத் தண்ணி என்றால் அந்த வீட்டில் குடிக்கிற தண்ணி. மீன்தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டும் பெட்டிக்கும் சம்ப் என்றுதான் பேர் என்பதைக் கோயமுத்தூர் மீன்கடைக்காரன் அவனுக்குச் சொல்லியிருந்தான். அவன் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

உப்புத் தண்ணீரால் தென்னை காய்ந்துபோன தோட்டக்காரன், உப்பைக் காசு கொடுத்து வாங்கி நல்ல தண்ணீரில் கரைத்துக் கடல்மீன் வளர்க்கிறான் என்று ஊரே சிரித்தது. சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். சரஸ்வதியம்மாள் படுக்கையில் விழுந்த பிறகு கட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னாள். ஆரஞ்சு மீன் இரண்டும் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே கிடப்பாள். தொட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த பழைய ஃபில்டரின் இரைச்சல் மட்டும் அவளுக்கு ஆகவில்லை. “ராத்திரியெல்லாம் மோட்டார் ஓடுதே, யாரு காட்டுக்குடா தண்ணி பாயுது?” என்று கேட்பாள். அதைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் சத்தம் வராது.

அதை இன்றைக்குச் செய்திருக்க வேண்டியதில்லை. நேற்று வந்த பாலியேட்டிவ் சிஸ்டர், தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள் என்பதை மலையாளத்தில், “எல்லாரையும் அறியிச்சோளூ” என்று சொல்லிப் போயிருந்தார். அம்மாவின் மூச்சைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க மோகனசுந்தரத்துக்குப் பயமாக இருந்தது. அதனால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கீழே புகுந்துகொண்டான்.

சொல்லியனுப்பியதும் அக்கா கமலாத்தாளும் வந்துவிட்டாள். அவள் மகள் சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு ஜிஜோவைக் காதலித்து, அங்கேயே கல்யாணமும் முடிந்த அன்றைக்கு, “இனி உன்ற கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று சரஸ்வதியம்மாள் கமலாத்தாளிடம் சொல்லியிருந்தாள். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் சரஸ்வதியம்மாள் சொன்னால் சொன்னதுதான். கமலாத்தாள் வந்து டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கமலாத்தாளும் விடாமல் வந்தாள், விடாமல் நீட்டினாள்.

அன்று காலையில் அம்மா உதட்டை அசைத்து, “தண்ணி” என்றாள். கட்டிலோரம் வெள்ளை ட்ரம் ஒன்று இருந்தது. மூடி மேல் சொம்பும் இருந்தது. அப்போதுதான் கமலாத்தாள் தம்பியைக் கேட்டாள். அவன் சொன்ன பதிலைக் கேட்டு ட்ரம்மைத் திறந்து மொண்டு, அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்து, ஒரு கரண்டி ஊற்றினாள்.

சரஸ்வதியம்மாள் வாங்கிக்கொண்டாள். உடனே முகம் சுளித்தது. நாக்கால் தள்ளி அத்தனையையும் வெளியே விட்டாள். தண்ணீர் தாடை வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. அப்புறம் ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

மோகனசுந்தரம் வெளியே ஊர்ந்து வந்து பார்த்தபோது அக்கா கரண்டியும் கையுமாக அப்படியே இருந்தாள்.

“குடிக்க மாட்டேன்னு சொன்னாளல்ல. குடிக்கல,” என்றாள்.

அழுகைக்கு ஆள் கூடியது. கமலாத்தாள் அழவில்லை. எழுந்துபோய் டிராக்டர் நிற்கிற சாளைக்குள் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவின் தாடையைத் துணியால் கட்டும்போதுதான் மோகனசுந்தரம் அதைப் பார்த்தான். உதட்டோரத்திலிருந்து கழுத்து வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. விரலால் தொட்டான். பொடியாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தான், உப்புக் கரித்தது. பிறகு திரும்பி ட்ரம்மைப் பார்த்தான். மூடி கழன்று கிடந்தது, சொம்பு ஈரமாக இருந்தது.

மனைவி தமிழ்ப்ரியாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்காகிட்டச் சொல்லீராதீங்க. கடேசித் தண்ணிய உப்பா ஊத்துனேன்னு தெரிஞ்சா அவங்க தாங்குவாங்களா?”

“அம்மா வெறுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சுட்டிருக்கறா.”

“அது பழகுன சங்கதிதானுங்க. இது புதுசு.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவன் வெளியே வந்தான். குளிப்பாட்டுவதற்கு மகளைக் கூப்பிட்டார்கள், கமலாத்தாள் வரவில்லை. வாய்க்கரிசிக்குத் தாய்மாமன் சின்னையன் தானே சாளைக்குப் போய்க் கூப்பிட்டார்.

“வேண்டாமுங்க மாமா. உசுரோட இருக்கறப்பவே என்ற கைய வேண்டான்னுட்டா. செத்தவ வாயில வம்பா எதுக்குத் திணிக்கறது?”

சின்னையன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். வாசலில் கையைக் கட்டி நின்ற மருமகன் ஜிஜோவும் அதைக் கேட்டான். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டதை மோகனசுந்தரம் பார்த்தான். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

சாளைக்குப் போய் அக்காவின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தான்.

“அக்கா, அது சம்ப்புத் தண்ணி இல்ல.”

“நீதானடா சொன்னே.”

“நான் சொன்ன சம்ப்பு வேற. மீன்தொட்டிக்கு அடியில வெச்சனே, அதுக்குப் பேரு சம்ப்பு. அதுல ஊத்தக் கலக்கி வெச்ச உப்புத் தண்ணி அது. கடல் தண்ணியாட்ட இருக்கும். யாரு குடுத்திருந்தாலும் துப்பித்தான் இருப்பா. நான் குடுத்திருந்தாலும்.”

கமலாத்தாள் அவனையே பார்த்தாள்.

“அப்ப என்னய வேண்டாங்கல.”

“இல்லக்கா. மொதல்ல வாங்கிக்கிட்டாளல்ல. நீயே பாத்தியே.”

“வாங்குனா,” என்றாள். முகம் ஒரு கணம் இளகியது. அப்புறம்தான் மற்றது அவளுக்கு உறைத்தது. “அடப்பாவி. தண்ணி வேணும்னு கேட்டாடா. தவிச்ச வாய்க்கு உப்பக் கரச்சு ஊத்த வெச்சுட்டியேடா.” அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அவன் நகரவில்லை. இன்னொரு அடியும் விழுந்தது. பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

நேராக வாசலுக்குப் போனாள். சம்ப்பின் இரும்பு மூடியைத் தூக்கினாள், வாளியை விட்டு மொண்டாள். முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே போனாள்.

பாடை தயாராக இருந்தது. “நேரமாச்சு கமலா,” என்றார் சின்னையன். அவள் காதில் வாங்கவில்லை. முந்தானையை நனைத்து அம்மாவின் உதட்டையும் தாடையையும் கழுத்தையும் துடைத்தாள். தாடைக்கட்டைத் தளர்த்தி, உதட்டைக் கட்டைவிரலால் மெல்லப் பிரித்து, ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள்.

தண்ணீர் பல்லோரம் தேங்கி நின்றது. உள்ளேயும் இறங்கவில்லை, வெளியேயும் வழியவில்லை. கமலாத்தாள் அடுத்த கரண்டியை மொண்டு கையில் வைத்துக்கொண்டு, அது இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.