ஒருபக்கப் பேச்சு உதிரும் கோபுரம்

லஹாய் மோய்வோ தன் வாழ்நாளில் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. இதை அவரே தினமும், மோவா ஆற்றின் இரு கரைகளுக்கும் கேட்கும் குரலில் சொல்லிவந்ததால் ஐயப்பட இடமில்லை. தவறே செய்யாததால் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்பதும், சியரா லியோன் முழுக்கத் தேடினாலும் மடங்காத முழங்கால் அவருடையது மட்டும்தான் என்பதும் கூடுதல் தகவல்கள். போருக்கு முன் எங்கள் ஊரான கோயாஹுனில் ஆற்றின் குறுக்கே தடித்த கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் போகும் பெரிய மிதவைக்கு அவர்தான் ஓட்டி. போர் வந்த மூடுபனிக் காலையில் கிழக்குக் கரைச் சந்தைக்குப் போயிருந்தவர்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் துறைக்கு ஓடிவந்து, மேற்குக் கரையில் நின்ற மிதவையை அனுப்பச் சொல்லிக் கத்தினார்கள். அந்த நேரம் பார்த்துக் கயிறு வெட்டுப்பட்டது. கத்தியவர்களில் யாரும் திரும்பவில்லை. வெட்டியது மோய்வோ. திரும்ப அனுப்பினால் துப்பாக்கிக்காரர்கள் ஏறி வந்துவிடுவார்கள் என்று நினைத்தார். நினைத்தது சரியாகவும் இருந்திருக்கலாம். மூடுபனியில் யாரும் பார்க்காததால் அவர் அதைத் தவறுகளின் கணக்கில் சேர்க்கவில்லை.

மேற்குக் கரை ஜூசு என்ற முதியவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தது. அவர் மேற்குக் கரைக்காரர்தான், ஆனால் பனை ஏறுபவர். இடுப்பில் எப்போதும் அரிவாள் இருக்கும், அன்று கிழக்கே மரத்தின் உச்சியில் இருந்தார், போதாக்குறைக்கு உயிரோடும் இருந்தார். அவர் மனைவி அந்தத் துறையிலேயே செத்துப்போனது அவருக்குச் சாதகமான சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. இந்தக் கரையில் கால் வைத்தால் கல்லடி என்றும், மகள் பைந்து அவரைப் பார்க்கப் போனால் அவளும் அங்கேயே இருந்துகொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பானது. கிழக்குக் கரைக்காரர்கள் தங்கள் பங்குக்கு மேற்குக் கரை முழுவதையும் கொலைகாரர்கள் என்றார்கள். போர் முடிந்து ஆயுதங்களை ஒப்படைத்த பிறகும் இந்தத் தீர்ப்புகள் மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. ஜூசு கேட்டது ஒன்றுதான்: தன் வீட்டில், தன் கட்டிலில் சாக வேண்டும்.

வானொலி நிலையம் வந்தபோது எந்தக் கரையில் வைப்பது என்று தலைவர்கள் இரண்டு மழைக்காலம் பேசினார்கள். கடைசியில் ஆற்றின் நடுவிலிருந்த பாறைமேல் வைத்தார்கள். நனைந்துகொண்டு போவதில் இரு கரைக்கும் சமநீதி. செய்தியாளர்கள் இருவர். நியாண்டா மேற்குக் கரைப் பெண், கின்னி கிழக்குக் கரை ஆள். எங்கும் சேர்ந்தே போவார்கள். கிழக்கே நியாண்டா கேள்வி கேட்பாள், மேற்கே கின்னி கேட்பான், மற்றவர் பக்கத்தில் நின்று தலையசைப்பார். தொடக்கத்தில் இருவர்மீதும் சம அளவில் கல் விழுந்தது. நடுநிலைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தலைநகரிலும் கிடைக்காது என்று கின்னி கட்டுப் போட்ட தலையோடு சொன்னான். மறுநாளும் போனார்கள். எங்கள் ஊரில் இதைவிடத் துணிச்சலான காரியத்தை நான் பார்த்ததில்லை, போர்க்காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கத்தைக் கேட்காமல் எதையும் ஒலிபரப்புவதில்லை என்பது இருவரும் போட்டுக்கொண்ட விதி. நிலையத்தின் ஒலிபரப்புக் கோபுரம் அதை அவர்களைவிடக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டது. ஒருபக்கப் பேச்சு கோபுரத்தின் உச்சிவரை போகும். அதற்குமேல் போகாமல், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாகத் தகரக் கூரையில் உதிரும். காலையில் கூட்டி ஆற்றில் தள்ளுவார்கள், மீன் தின்னும். மாவட்ட அதிகாரி வந்து வானொலியில் உரையாற்றிய வாரத்தில் மேற்குத் துறையில் மீன் பொரித்து விற்கும் பைந்துவின் சட்டியிலிருந்து ஒரு மீன், "மழைக்காலத்துக்குள் பாலம் கட்டித் தரப்படும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கருகியது. வாங்கியவர் விலையைக் குறைக்கச் சொன்னார். அவள் குறைக்கவில்லை.

இதில் எங்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு சிக்கல் வந்தது. தவறு செய்தவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. மரியாதைக்காகக் கொடுக்கும் கோலாக் கொட்டையோடு வேறொருவரை அனுப்புவோம், அவர் நமக்காகக் கெஞ்சுவார். போக்காரி என்பவர் இதில் மாவட்டப் புகழ் பெற்றவர். அவர் கெஞ்சினால் கெஞ்சப்படாதவர்களும் மன்னித்துவிடுவார்கள். ஊரே அவரைத்தான் பாறைக்கு அனுப்பியது. அவர் ஒவ்வொரு முறை உருகியபோதும் கூரைமேல் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டியது. அவர் எந்தப் பக்கமும் இல்லை என்பதைக் கோபுரம் கண்டுகொண்டது. பிறகு வேறு வழியில்லாமல் சம்பந்தப்பட்டவர்களே வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது போரில் காணாமற்போன ஒரு தகரக் கூரை. யெப்பே என்ற பெண் தன் கூரை அடுத்த தெரு செம்பாவின் வீட்டின்மேல் இருப்பதாகச் சொல்ல, பக்கத்திலிருந்த செம்பா, "எடுத்தது நெசந்தான் அக்கா. ஆனா மழை பெய்யறப்பல்லாம் அது உம் பேரைச் சொல்லித்தான் சத்தம் போடுது. தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" என்றார். அது ஒரு சொல் சிந்தாமல் இரு கரைக்கும் போனது. அதன்பின், தூது போனவர் கெஞ்சி முடித்ததும் தவறு செய்தவர் வந்து எதிராளியின் காலைப் பிடிக்கும் எங்கள் வழக்கமும் பாறைமேலேயே நடந்தது.

மேற்குக் கரையிலிருந்து இவர்களையெல்லாம் பாறைக்குக் கொண்டுபோனவர் மோய்வோ. மிதவை போன பிறகு சின்ன மரப்படகு வைத்திருந்தார், வேறு யாரையும் அந்தத் துறையில் ஓட்ட விடுவதில்லை. கூலி படகுக்கு மட்டும்தான், கேலி இலவசம்.

"என்ன செம்பா, காலைக் கழுவிட்டுதான் வந்தியா? இன்னிக்கு யாரோ பிடிக்கப் போறாங்களாமே. அழுக்கா இருந்தா ரேடியோல ரெண்டு கரைக்கும் நாறும்."

"பிடிக்கப் போறது நான்தான் அண்ணே."

"அப்ப கையைக் கழுவு. மைக்கு முன்னால குனியறவனுக்கு முதுகெலும்பு எதுக்கு? கழட்டிக் கரையில வெச்சிட்டு வந்தா படகுக்குப் பாரம் குறையும்ல?"

கயிற்றுச் செய்திக்கு நியாண்டாவும் கின்னியும் பல மாதம் அலைந்தார்கள். வெட்டவில்லை என்று ஜூசு சொன்னது உதிர்ந்தது. வெட்டினார் என்று மேற்குக் கரை சொன்னதும் உதிர்ந்தது. கடைசியில் சனிக்கிழமை காலைகளில் ஜூசுவை அழைத்து வந்து, பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டார்கள். "ஜூசு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். கயிற்றை வெட்டியவருக்கான நாற்காலி காலியாக இருக்கிறது" என்று நியாண்டா சொல்வாள். இதை மறுக்க இரு கரையிலும் ஆள் இல்லாததால் அது தடையின்றிப் பறந்தது. பிறகு நிகழ்ச்சி முடியும்வரை அவர் மூச்சு மட்டும் கேட்கும், இடையில் இருமல். மௌனத்துக்கு ஒருபக்கம் என்று எதுவும் இல்லை. சந்தையில் பேரம் நின்றது, பள்ளிவாசல் முற்றத்தில் வாளியைச் சத்தமில்லாமல் வைத்தார்கள். முன்பு கல்லெறிந்தவர்களே ஒலியைக் கூட்டி வைத்து, ஒரு கிழவர் மூச்சுவிடுவதைக் கேட்டார்கள். பைந்து வறுசட்டிக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்திருப்பாள். இருமல் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "தண்ணி குடிப்பா" என்பாள். நாலடி தள்ளிப் படகில் உட்கார்ந்திருக்கும் மோய்வோ அந்த நேரத்தில் மட்டும் படகில் தேங்கிய தண்ணீரை இறைக்கத் தொடங்கிவிடுவார். அந்த மழைக்காலம் முழுக்க இருமல் நீண்டுகொண்டே போனது.

ஒரு சனிக்கிழமை, ஜூசுவை அழைத்து வரும் கிழக்குக் கரைப் படகு பாறையில் மோதி உடைந்தது.

"அண்ணே, பெரியவரை நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றாள் நியாண்டா.

"காலி நாற்காலிக்குப் பக்கத்துல உக்காந்து இருமறதுக்கு ஒரு சவாரியா? ஒரு வாரம் வரலைன்னா அந்த நாற்காலியாவது நிம்மதியா இருக்குமே."

"சரி, வேற படகு பாக்கறேன்."

"இந்தத் துறையில வேற படகா? ஏறு பொண்ணே, உன்னைப் பாறையில விட்டுட்டு அந்தாளைக் கூட்டியாரேன்."

கயிறு போனதிலிருந்து அவர் கிழக்குக் கரையைத் தொட்டதில்லை. ஜூசு மெல்ல ஏறி உட்கார்ந்து, பாதி ஆறு வரும்வரை மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகுதான் பேசினார்.

"உன்னை யாராவது தப்பாப் பேசினா நான் விடறதில்ல தம்பி. அன்னிக்கி மரத்து மேலேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியல, ஒரே பனி. உன் குரல் மட்டும் கேட்டுது. வரேன் வரேன்னு கத்திட்டே இருந்தே. கயிறு போன பெறகும் விடாம கத்துனே. எம் பொண்டாட்டிக்கும் அது கேட்டிருக்கும். யாரோ வரான்னு நெனச்சிட்டேதான் போயிருப்பா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

மோய்வோ துடுப்பு போடுவதை நிறுத்தியிருந்ததால் படகு ஆற்றோடு கொஞ்சம் இறங்கிப் போனது; நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொண்டுவர வேண்டியிருந்தது. பாறையில் படகைக் கட்டினார். வழக்கமாக அங்கேயே உட்கார்ந்து போகிற வருகிறவர்களை விசாரிப்பவர், ஜூசுவின் தோளைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டு, தானும் பின்னால் போனார். வாசலில் கோலாக் கொட்டைப் பொட்டலத்தோடு காத்திருந்த போக்காரி மோய்வோவின் முகத்தைப் பார்த்தே தனக்கு வேலை வந்திருப்பதைப் புரிந்துகொண்டார்.

"நான் பேசவா அண்ணே?"

"நீ வெளிய இரு."

நியாண்டா தன் வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். நாற்காலி காலியாக இல்லை. இரு கரைக்கும் கேட்கும் அந்தக் குரல் அன்று மேசையைத் தாண்டவில்லை. கின்னி திருகைக் கடைசிவரை கூட்டினான்.

"வெட்டினது நாந்தான்" என்றார் மோய்வோ. "வரேன்னு கத்தினதும் நாந்தான். வெட்டிட்டுத்தான் கத்தினேன்."

கூரைமேல் எதுவும் விழவில்லை. ஜூசுவின் மூச்சு எப்போதும்போலப் போய்வந்தது.

"அவ அங்க நிக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மேற்குத் துறையில் ஒரு சட்டி மீன் கருகியது. அதைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஜூசு இருமினார், இருமி முடிக்க நேரமானது.

"மன்னிக்கறதப் பத்தி இன்னிக்கு எங்கிட்ட கேக்காதே" என்றார். "எனக்கு வீட்டுக்குப் போவணும்."

"கூட்டிட்டுப் போறேன்."

அதன்பின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்பவர்கள் பார்க்க முடியாததைச் சொல்வது செய்தியாளரின் வேலை என்பதால் நியாண்டா, மழை நிலவரம் சொல்லும் குரலில், லஹாய் மோய்வோ கீழே முழங்காலிட்டு ஜூசு பெரியவரின் காலைப் பிடித்திருக்கிறார் என்றும், பெரியவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை என்றும் அறிவித்தாள். இரு கரையிலும் அது தெளிவாகக் கேட்டது.