ஐஸ் பெட்டி உத்திரமேரூர்

வேதாசலத்தைப் பற்றி போனில் எழுதப்பட்டிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு ரிவ்யூக்களையும் படித்திருக்கிறேன். சிலவற்றைப் பார்க்காமலே சொல்வேன். 'எங்க அப்பா தூங்குற மாதிரியே இருந்தாரு. நன்றி வேதா அண்ணா.' 'கூப்பிட்ட அரை மணியில் வந்தார்.' எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். பிணம் வைக்கிற பெட்டிக்குக்கூட நட்சத்திரம் போடுவார்களா என்று முதலில் அருவருப்பாக இருந்தது. அப்புறம், எனக்கு ஏன் ஒருவரும் போடவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

உத்திரமேரூரில் பதினெட்டு வருடமாக ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். வேதாசலம் வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. முன்பெல்லாம் சாவு விழுந்தால் கடை வாசலுக்கு ஆள் வரும். இப்போது செத்தவரின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். போனில் தேடி, முதலில் வருகிற எண்ணை அழுத்துகிறார்கள். முதலில் வருவது வேதாசலம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுகிர்தாவிடம் ஒரு வெப்சைட் போட்டுத் தரச் சொன்னேன். அதில் வருகிற வாசகங்களை நானே எழுதிக்கொண்டு போனேன். கொஞ்சம் படிக்கிற பழக்கம் உண்டு எனக்கு. 'குளிர்பதனப் பேழை' என்று எழுதியிருந்தேன்.

"இன்னாண்ணா இது? சாவு வூட்ல ஒக்காந்துகினு எவன் பேழைன்னு தேடுவான்? ஐஸ் பெட்டி, பிரீசர் பாக்ஸ், இப்டிப் போடணும். சாலவாக்கம், பழையசீவரம்னு ஊர் பேரையும் சேக்கணும்."

"போட்டா மொதல்ல வந்துடுமா?"

"அது மட்டும் போதாதுண்ணா. நாலு பேரு உங்களப் பத்தி எழுதணும். வேதாசலம் அண்ணன் பதினாறாம் நாள் காரியத்துக்கும் போயி ஒக்காந்து சாப்ட்டு வராரு. அவருக்கு எழுதாம இருப்பாங்களா?"

நான் எந்தக் காரியத்துக்கும் போனதில்லை. பெட்டியை இறக்குவேன், கரண்ட் கொடுப்பேன், கைகட்டி இரண்டு நிமிடம் நிற்பேன், வந்துவிடுவேன். ஊரார் அழுகையில் நமக்கென்ன வேலை. அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

வெப்சைட் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. தேடுவேன். என் பக்கம் எங்கோ கீழே கிடக்கும். திறந்து, படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மூடுவேன். டீ குடித்துவிட்டு மறுபடி தேடுவேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இருக்கும். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் என் பெயர் முதலில் நின்றது. அதற்குக் கீழே வேதாசலம்.

வண்டியை எடுத்துக்கொண்டு அவன் கடை வழியாக மெதுவாகப் போனேன். பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "நாஷ்டா ஆச்சாண்ணே?" என்று கேட்டான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது.

அந்த வாரம் முழுக்க போன் அடிக்கவில்லை.

"ஊர்ல சாவு கொறஞ்சிபூச்சி போல" என்றேன் மனைவி கோமளவல்லியிடம்.

"நல்ல வாயி. போயி தண்ணி ஊத்திக் கழுவு" என்றாள் அவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சாலவாக்கத்தில் என் சின்னம்மா இறந்துபோனாள். சொந்தக்காரர் ஒருவர் கோமளவல்லிக்குச் சொன்னார். இருப்பதில் புதுப் பெட்டியைத் துடைத்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இன்னொரு குட்டியானை நின்றது. கூடத்தில் வேதாசலத்தின் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே சின்னம்மா.

அவள் மகன் தமிழரசன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பெங்களூரில் வேலை பார்ப்பவன், லீவில் வந்திருந்தான். என் வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"கையும் ஓடல காலும் ஓடலண்ணா. போன்ல தேடி, மொதல்ல வந்த நம்பருக்கு அடிச்சிட்டேன். நீ இந்தத் தொழில் பண்றதே அப்ப ஞாபகத்துக்கு வரல."

"மொதல்ல வந்தது யாரு?"

சாவு வீட்டில் நின்றுகொண்டு நான் கேட்ட கேள்வி இது. அவன் போனை நீட்டினான். முதலில் வேதாசலம். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பிரிட்ஜ் மெக்கானிக், ஒரு கூல் டிரிங்ஸ் கடை, அதற்கும் கீழே நான்.

வேதாசலம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, உன் வூட்டு சாவுன்னு சத்தியமா தெரியாது. நீ உன்னுத வெச்சிக்கோ. நா எட்த்துக்கினு பூட்றேன்."

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மாலை போட வருகிறவர்கள் கண்ணில் பெட்டிமேல் எழுதியிருக்கும் 'முத்துகிருஷ்ணன்' என்ற என் பெயர் படவேண்டும். அதற்காக சின்னம்மாவை இன்னொரு முறை தூக்கிக் கிடத்த நான் தயாராக இருந்தேன். நான்கு பேர் போதும் என்று மனம் ஆள் எண்ணிக்கூட முடித்துவிட்டது. நிமிர்ந்தேன். கூடத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டும்" என்றேன். பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். அது வெட்கம்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டி வைத்த வீட்டில் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வேதாசலம் போகவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து, மடித்த துணியால் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தான். கண்ணாடி பனிக்கும் என்று எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். பெட்டி என்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். தூரத்திலிருந்து வந்தவர்கள் குனிந்ததும் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். "மூஞ்சி நல்லாத் தெரியுது" என்றாள் ஒருத்தி.

அவன் முகத்தில் நடிப்பு இருக்கிறதா என்று சாயங்காலம் எடுக்கிற வரை தேடினேன். ஒரு தடவையாவது அகப்பட்டிருந்தால் எனக்குப் போதும். அகப்படவில்லை.

மறுநாள் சுகிர்தாவிடம் போனேன்.

"ஓயாம உங்க பக்கத்தையே தெறந்து பாத்துகினு இருந்தா, உங்களுக்கு அதான் வேணும்னு உங்க போன் கத்துக்கும்ணா. உங்களுக்கு மட்டும் மொதல்ல காட்டும். ஊருக்குக் காட்டாது."

"அப்ப நா மொதல்ல வந்தது?"

"உங்க பாக்கெட்ல வந்தீங்க" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கீ போர்டைப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேதாசலம் வந்தான். எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டு வந்தபோது தமிழரசன் என் போனுக்கு வேதாசலத்தின் ரிவ்யூ பக்கத்துக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தான்.

"நீயும் ரெண்டு வரி எய்துண்ணா. நீதான் நல்லா எய்துவியே."

வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். 'கண்ணாடி கடைசி வரை தெளிவாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முகம் பார்த்தார்கள்' என்று எழுதினேன். எந்தச் சொல்லையாவது எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். எல்லாம் உண்மை. நட்சத்திரத்துக்கு வந்தேன். நான்காவது வரை விரல் தானாகப் போனது. ஐந்தாவதின் மேல் வெகுநேரம் நின்றது.

நான்கோடு அனுப்பினேன்.

மறுநாள் அதன் கீழே அவன் பதில் போட்டிருந்தான். 'நன்றி அண்ணே. அடுத்த தடவை இன்னும் சரியாகச் செய்கிறேன்.' அதைப் படிப்பதற்காகவே அவன் பக்கத்தைத் தினமும் பல தடவை திறக்கிறேன். நேற்றிலிருந்து என் போனிலும் அவன்தான் முதலில் வருகிறான்.