கம்ப்ரசருக்குப் போன பணம்

அன்று மத்தியானம் ஐஸ் ஃபேக்டரியின் அலுவலக அறையில் இருந்தவர்கள்: ஃபேக்டரியை நடத்திய ஐஸ்காரர். அவருடைய கூட்டாளியும் மனைவியின் தம்பியுமான மைத்துனன். இருவருக்கும் நடுவில் சமரச ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த வக்கீல். ஐஸ்காரரின் மனைவி, அவளுக்கு நாற்காலி இல்லை, மேஜை விளிம்பில் சாய்ந்து நின்றாள். வாசலோரம் கம்ப்ரசர் மெக்கானிக். அவரை யாரும் கூப்பிடவில்லை. பாக்கிக் கூலி கேட்க வந்தவர், சாட்சியாகிவிட்டார்.

வக்கீல் ஒரு காசோலையின் நகலை மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா" என்றார் ஐஸ்காரர். "பக்கத்துல இருக்கறது அவனோடது. ரெண்டு பேரும் போட்டிருக்கோம். அப்புறம் என்ன மீறல்?"

"நல்லா இருக்கு அத்தான் கதை" என்றான் மைத்துனன். "அது நான் எப்பப் போட்டது? நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்த காலத்துல."

தகராறு இதுதான். மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று இழுத்தடித்த பாக்கியை ஒரே மூச்சில் கட்டியது. அது ஃபேக்டரிப் பணம் என்றார் ஐஸ்காரர். அந்த வாடிக்கையைப் பிடித்ததும் நான், அவர்கள் வாசலில் காத்துக்கிடந்து வசூலித்ததும் நான், பாதி எனக்குக் கமிஷன் என்றான் மைத்துனன். கோர்ட் வாசலில் இருவருக்கும் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் சமரசம். தணிக்கையாளர் முடிவு சொல்லும்வரை பணம் கூட்டுக் கணக்கில் அசையாமல் கிடக்கும். இருவரும் புதிதாக எழுதிச் சம்மதிக்காமல் யார் தொட்டாலும், தொட்டவர் ஃபேக்டரியை மற்றவரிடம் விட்டு வெளியேற வேண்டும். அதன்பின் உள்ளே கால் வைக்கக் கூடாது. இந்த ஷரத்தைச் சேர்க்கச் சொன்னவர் ஐஸ்காரர். மைத்துனனுக்குக் கை நீளம் என்று அவருக்கு எண்ணம்.

கையெழுத்து விஷயம் வேறு. நல்ல நாட்களில் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கூட்டுக் கணக்குக்குப் புதுக் காசோலைப் புத்தகம் வந்ததும் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து, எல்லாத் தாளிலும் ஒரேயடியாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். மைத்துனன் வசூலுக்கு ஊர் சுற்றுபவன். ஐஸ்காரர் கம்ப்ரசரை விட்டு நகராதவர். நம்பிக்கை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பாதி சோம்பேறித்தனம். ஒப்பந்தத்தின்போது அப்படிப்பட்ட தாள்களையெல்லாம் கிழித்தாயிற்று என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். பொய்யில்லை, அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு புத்தகம் மட்டும் கம்ப்ரசர் அறையில், ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் கிரீஸ் அப்பிக் கிடந்தது.

போன வாரம் கம்ப்ரசர் நின்றது. ஐஸ் டின்களை இறக்கி உறையவைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி சூடேறத் தொடங்கியது. டின்களில் பாளங்கள் ஓரம் கரைந்து மிதந்தன. ஸ்பேனர் தேடிய ஐஸ்காரர் கையில் புத்தகம் சிக்கியது. அதில் ஒரு தாளை நிரப்பி, முடக்கி வைத்த பணத்திலிருந்து எடுத்து கம்ப்ரசருக்குப் புதுச் சாமான் வாங்கினார்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?" என்றார் வக்கீல்.

ஐஸ்காரர் ஜன்னலைப் பார்த்தார். அன்றைக்கு போனைக் கையில் எடுத்ததும், மைத்துனன் பேர் வரைக்கும் போய்த் திரும்ப வைத்ததும் அவருக்கு மட்டும் தெரியும். இவனிடம் போய்க் கேட்பதா என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றான் மைத்துனன்.

"குடுத்திருக்க மாட்ட" என்றாள் அவன் அக்கா. "தண்ணியா ஓடட்டும்னு வேடிக்கை பார்த்திருப்ப."

மெக்கானிக் கனைத்தார். "நான் போட்ட கிராங்க் புதுசுங்க. அசல் சாமான். அதையும் கொஞ்சம் எழுதிக்குங்க."

"யோவ், நீ சும்மா இருய்யா" என்றார்கள் ஐஸ்காரரும் மைத்துனனும் ஒரே குரலில். ரொம்ப நாளுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் அது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "பணத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல, ஃபேக்டரிக்குத்தான் போட்டிருக்கீங்க. எல்லாம் சரி. ஆனா ஷரத்துல காரணம் கேக்கல. கோர்ட்டுக்குப் போனாலும் இதேதான் சொல்வாங்க. செலவு மட்டும் கூடும்."

ஐஸ்காரர் சாவியை இடுப்பிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தார். மைத்துனன் அதை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது, எப்போது எண்ணெய் விடுவது, எந்த டின் எப்போது தூக்க வேண்டும், ஒன்றும் அவனுக்குத் தெரியாது. வசூல் தெரியும்.

"வக்கீல் சார், வெளிய போகணும்ங்கறது அத்தானுக்குத்தானே? அக்காவுக்கு இல்லையே?"

வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். "அவங்க பேரே இதுல எங்கயும் இல்ல."

"அப்ப நீ இருந்து பாத்துக்க அக்கா. சம்பளம் போட்டுத் தர்றேன்."

"சம்பளமா? டின் தூக்குறதும் லாரி ஏத்தறதும் இத்தனை வருஷமா சும்மாதான் பண்ணேன். இனிமே பங்கு. இவர் பங்கு எவ்வளவோ அவ்வளவு. என் பேர்ல." அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க சார்."

மைத்துனன் வாயைத் திறந்தான். சாயங்காலம் வர வேண்டிய மீன் லாரிகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டான்.

வக்கீல் எழுதினார். மெக்கானிக் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், கூலி இன்றைக்கே என்ற நிபந்தனையோடு.

ஐஸ்காரருக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பங்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கைவிட்டுப் போகவில்லை. மூன்றாவது வரிசை டின்கள் இறுகியிருக்கும், தூக்கலாம் என்று எழுந்து பழக்கத்தில் தொட்டிப் பக்கம் நடந்தார். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"மூணாவது வரிசை..."

"நான் பாத்துக்கறேன். நீங்க உள்ள நின்னா அதுவும் மீறல். அப்புறம் இந்தத் தாளும் போயிடும்."

"நான் உன் புருஷன்டி."

"வீட்ல."

அவள் குரலில் கோபமில்லை. டின் எண்ணும்போது பேசுகிற குரல். அவர் மைத்துனன் முகத்தைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். வெயில் முகத்தில் அறைந்தது. அவர் இறங்கியதும் பின்னால் இரும்புக் கதவு மூடியது, உள்ளிருந்து மனைவி, அவர் மேஜைமேல் வைத்த சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிப் பூட்டினாள்.