ராணி வெட்டுப்பட்ட பிறகு

ஃபராஸ் என்ற பெயரில் அந்த மின்னஞ்சல் வந்தபோது அதில் சந்தேகப்பட ஜானுவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதாக எழுதியிருந்தான். இணையத்தில் ‘கண்ணாடிக்காரன்’ என்ற பெயரில் செஸ் ஆடுகிறானாம். நேரில் உட்கார்ந்து ஒரு போட்டியிலும் ஆடியதில்லையாம். தன் ஆட்டங்களைப் பார்த்து, தன் பாணி என்ன, ஓட்டை எங்கே, இன்னும் மேலே போக என்ன செய்யவேண்டும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தான். இப்படிக் கேட்பவர்கள் ஜானுவுக்குப் புதிதில்லை. மந்தைவெளியில் வீட்டில் இருந்தபடியே அவள் பல வருஷமாகச் செய்துவரும் வேலை அதுதான்.

ரேட்டிங்கைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாயிரத்து முந்நூறுக்குப் பக்கம். போட்டிக்கே போகாத ஒரு கடைக்காரருக்கு அது கொஞ்சம் அதிகம். இருந்தாலும் ஊரில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமா என்று நினைத்துக்கொண்டு ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கடைக்குள் நுழைந்தவரை வாங்காமல் வெளியே விடாத கடைக்காரனைப் போல இருந்தது இவன் ஆட்டம். ராஜாவின் பக்கத்துச் சிப்பாய்களை அவிழ்த்து விடுவான். குதிரையைப் பலி கொடுப்பான். யோசிப்பதே கிடையாது, கை தானாக ஓடும். எதிராளி பயந்துபோனால் இருபது நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். பயப்படாவிட்டால் இவன் பாடு திண்டாட்டம்.

ஆனால் அந்தத் திண்டாட்டத்திலிருந்து இவன் மீண்டு வந்துகொண்டே இருந்தான். அதுதான் அவளை உறுத்தியது. ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டதும் வேறு யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி ஆட்டம் அடங்கிவிடும். வேகம் போய்விடும். ராஜா ஒவ்வொரு கட்டமாக நடந்து நடுவுக்கு வரும். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும், இரண்டு குறைவாக இருந்தாலும், அசையாமல் நின்று, எதிராளி சலித்துப்போய்த் தப்பு செய்யும்வரை காத்திருந்து, பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். முன்பாதியில் ஆத்திரக்காரன், பின்பாதியில் ஞானி. ஒரு மனுஷனுக்குள் அப்படி ஒரு கோடு விழுமா?

இன்ஜின்தான், நகர்த்தல் சொல்லிக்கொடுக்கும் செஸ் புரோகிராம்தான், என்று ஜானு முடிவுகட்டினாள். மாட்டிக்கொண்டதும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொள்கிறான்.

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் படித்த ஒருவன்மேல் இதே புகார் வந்தது. ஜானு அவனுக்காகப் பேசினாள், போட்டி நடத்துகிறவர்களிடம் தன் பெயரை அடகு வைத்தாள். கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு யாராவது நன்றாக ஆடினாலே அவள் நோண்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

“நீ எல்லார் மேலயும் சந்தேகப்பட்டுண்டே இருக்கே” என்றான் அவள் கணவன் அச்யுத். “கீரைக்காரம்மாகிட்டயே கட்டைப் பிரிச்சுக் காட்டச் சொல்றவ நீ.”

“உள்ளே அழுகி இருந்துதா இல்லையா அன்னிக்கு?” என்றாள் ஜானு.

ஆனால் இன்ஜினோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு இடித்தது. பின்பாதி நகர்த்தல்கள் நல்லவைதான், ஆனால் இயந்திரம் சொல்லும் நகர்த்தல்கள் அல்ல. இயந்திரம் சட்டென்று முடிக்கும் இடத்தில் இவன் சுற்றிக்கொண்டு போனான். ரொம்பத் தந்திரமாகத் திருடுகிறான் போலிருக்கிறது, மாட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டாவது நல்ல நகர்த்தலாகப் பார்த்து எடுக்கிறான் என்று தோன்றியது. சந்தேகம் குறைவதற்குப் பதிலாக வளர்ந்தது.

‘உங்கள் பாணியைச் சொல்வதற்கு முன் நேரில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கவேண்டும்’ என்று எழுதினாள். வருவதாகச் சொன்னவன், சரக்கு வருகிறது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டான். அடுத்த வாரம் உறவில் கல்யாணம் என்றான். ஜானு விடவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். கூடவே மனைவியும் வந்தாள்.

“இவங்க மஹ்விஷ், மேடம். கடைக் கணக்கெல்லாம் இவங்கதான் பாக்குறாங்க. சும்மா கூட வந்தாங்க” என்றான். அவனுக்கு நாற்பதை நெருங்கும் வயது, நல்ல பேச்சு, நெற்றியில் வியர்வை. மஹ்விஷ் தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பலகை தெரிகிற ஓரம். கையில் போன்.

ஜானுவின் கண் அந்தப் போனைவிட்டு நகரவில்லை.

“ரெண்டு பேர் போனையும் கொஞ்சம் குடுக்கறீங்களா? சமையல்கட்டுல வெச்சிடறேன்.”

ஃபராஸின் முகம் சுருங்கியது. “இன்னா மேடம், செக்கிங் எல்லாம் பண்றீங்க” என்று சிரிக்கப் பார்த்தான். மஹ்விஷ் போனை நீட்டினாள், அவனும் கொடுத்தான்.

ஆட்டம் தொடங்கியது. நேரிலும் அவன் அப்படித்தான் ஆடினான். சிப்பாய்கள் பாய்ந்து வந்தன, மந்திரி ஒன்று பலியானது. ஜானுவே ஒரு கட்டத்தில் காதுமடல் சூடாவதை உணர்ந்தாள். இது திருட்டு இல்லை, இது அவன் கைதான். வெகு சிரமப்பட்டு ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டாள். அப்போதும் அவனுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆளுக்கொரு யானை, சில சிப்பாய்கள், ராஜாக்கள். மிச்சம் அவ்வளவுதான்.

ராணிகள் போனதும் ஃபராஸ் காலை ஆட்டத் தொடங்கினான். நாற்காலியில் இப்படியும் அப்படியும் திரும்பினான். யானையை எடுக்கக் கையைக் கொண்டுபோனான்.

சோபாவிலிருந்து ஓர் இருமல்.

கை பின்வாங்கியது. ஃபராஸ் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

ஜானு ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தினாள். “நீங்க உள் ரூம்ல உக்காந்துக்கறீங்களா?” குரலில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இல்லை. மஹ்விஷ் எழுந்து போனாள். கதவைச் சாத்திவிட்டு ஜானு வந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகு ஃபராஸ் ஆடியது பார்க்கச் சகிக்கவில்லை. ஓட வேண்டிய தன் சிப்பாய்க்கு முன்னாலேயே யானையைக் கொண்டுபோய் நிறுத்தினான். யானையும் நகரமுடியவில்லை, சிப்பாயும் நகரமுடியவில்லை. ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தில் தோற்றான்.

“நீங்க இன்ஜின் வெச்சு ஆடறீங்க” என்றாள் ஜானு. “ராணி போனதும் உங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நெட்ல நீங்க ஜெயிக்கறதே அங்கதான். எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? நல்லா ஆடறார்னு நான் எழுதிக் குடுக்கணுமா?”

“மேடம், அல்லா மேல ஆணையா மிஷின் கிடையாது.”

“அப்போ அந்த இருமல்?”

உள்கதவு திறந்தது. மஹ்விஷ் வாசலில் நின்றாள். “இருமல் என்னுதுதான். தாங்க முடியல. அந்த யானையத் தொடப் போனாரு, வாய மூடிக்கினு இருக்க முடியல. தப்புதான்” என்றாள்.

நேராகப் பலகைக்கு வந்தாள். காய்களை எடுத்து, இருமியபோது இருந்த நிலைக்குத் திரும்ப வைத்தாள். எங்கும் தடுமாறவில்லை.

“ஆடலாமா?” என்று ஜானுவைக் கேட்டாள்.

ஃபராஸ் எழுந்து இடம் விட்டான். மஹ்விஷ் யானையைச் சிப்பாய்க்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு ராஜா நடக்கத் தொடங்கியது, ஒவ்வொரு கட்டமாக. அந்த நடை ஜானுவுக்குத் தெரியும். எத்தனை ஆட்டங்களில் பார்த்திருக்கிறாள்! கொஞ்ச நேரத்தில் ஜானு தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எப்போலேர்ந்து?”

“கடையிலதான் ஆரம்பிச்சது” என்றாள் மஹ்விஷ். “இவரு ஆடிக்கினு இருப்பாரு. கஸ்டமர் வந்துடுவாங்க. ‘பாத்துக்க’ன்னு போனை என் கையில குடுத்துட்டுப் போயிடுவாரு. அப்புறம், கஸ்டமர் இல்லாட்டியும் மாட்டிக்கினா குடுத்துடுவாரு. நல்லா இருக்குற ஆட்டத்தை நான் பாத்ததே இல்ல மேடம். கெட்டுப்போனதுதான் என் கைக்கு வரும்.”

ஃபராஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜானுவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. பாதி சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறோம் என்ற திருப்தி. “ஒரு அக்கவுண்ட்ல ரெண்டு பேர் ஆடறதும் ஏமாத்துதான். தெரியுமில்ல?” என்றாள்.

“மிஷின் வெக்கலியே மேடம்” என்றான் ஃபராஸ். “அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அவ்ளோதான?”

“அந்த ஒருத்தனுக்கு அது தெரியாதே.”

“அந்த அக்கவுண்ட்ட மூடிடுங்க” என்றாள் மஹ்விஷ் கணவனிடம், மெதுவாக. “அந்த ரேட்டிங் உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல.”

அதுதான் அவனைச் சுட்டிருக்கவேண்டும். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப்போய்விட்டான். மஹ்விஷ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மேடம், என் பங்கு மட்டும் பாத்துச் சொல்லுங்களேன். எனக்குத் தெரிஞ்சாகணும்” என்றாள்.

ஜானு ஒன்றுக்கு இரண்டாக எழுதி அனுப்பினாள். ஃபராஸுக்கு: ‘உங்களுக்குத் தாக்கத் தெரிகிறது, தாக்குதல் ஓய்ந்தபின் இருக்கத் தெரியவில்லை. கொஞ்ச நாளைக்கு வேண்டுமென்றே ராணிகளை வெட்டிக்கொண்டு ஆடுங்கள். தோற்பீர்கள். பரவாயில்லை.’ மஹ்விஷுக்கு: ‘நீங்கள் கஷ்டத்தில் நன்றாக ஆடுகிறீர்கள். நல்ல நிலை கையில் இருக்கும்போதும் பதுங்கிவிடுகிறீர்கள். முதல் நகர்த்தலிலிருந்து நீங்களே ஆடுங்கள். எளிய தொடக்கம் ஒன்று போதும், அதையே திரும்பத் திரும்ப ஆடுங்கள்.’

வெகுநாள் பதில் இல்லை. பிறகு ‘கண்ணாடிக்காரன்’ மூடப்பட்டது. ஃபராஸே தளத்துக்கு எழுதி மூடிவிட்டதாக மஹ்விஷ் செய்தி அனுப்பினாள். இரண்டு புதிய பெயர்கள் வந்தன. அவன் ரேட்டிங் ஆயிரத்து எண்ணூறில் தள்ளாடியது. அவளுடையது இன்னும் கீழே. எல்லாக் காயும் பலகையில் நிற்கும்போது எதை முதலில் தொடுவது என்றே தெரியவில்லை என்று புலம்பினாள். ஆனால் விடவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கணவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஜானு இருவர் ஆட்டங்களையும் அவ்வப்போது திறந்து பார்ப்பாள். பழக்கதோஷம். ஒருநாள் ஃபராஸின் ஆட்டம் ஒன்றில் கை நின்றது. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே இருந்த முடிவு. அவசரம் இல்லை, சறுக்கல் இல்லை. இதை ஆடியது மஹ்விஷோ?

சாயங்காலமே தி.நகருக்குப் போய்விட்டாள். கடையில் கூட்டம் இல்லை. ஃபராஸ் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தான், மஹ்விஷ் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“செவ்வாய்க்கிழமை ஆட்டம்” என்றாள் ஜானு, உட்காரக்கூடச் செய்யாமல். “அது யார் ஆடினது?”

ஃபராஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. துணியைக் கீழே வைத்தான். “நான்தான் மேடம்” என்றான். பிறகு, கேட்காமலே, விரலால் கண்ணாடி மேஜைமேல் கட்டங்கள் போட்டு, ராஜா எந்த வழியாக ஏன் போனது, எந்த இடத்தில் பயந்தான், எங்கே போனை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று தோன்றியது, எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் ஒரு கஸ்டமர் வந்தார். “ஒரு நிமிஷம் நைனா” என்று அவரை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

“நான் அன்னிக்கு இங்க இல்லவே இல்ல மேடம்” என்றாள் மஹ்விஷ். “கொட்டிவாக்கத்துல எங்க அண்ணன் வீட்டு விசேஷம். காலையிலயே போயிட்டேன்.”

ஜானுவுக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. நம்பினாள். நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“எத்தனை மணிக்குத் திரும்பி வந்தீங்க?” என்று மஹ்விஷைக் கேட்டுவிட்டாள்.

முதலில் சிரித்தது ஃபராஸ்தான்.