ஈரலுக்கான பத்தியம்

பட்டினி கிடந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் உடம்பு இளைக்கும், ஈரலில் படிந்த கொழுப்பும் கரையும், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தம்பிக்கு வைத்துவிடலாம். இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பட்டினி கிடந்தா சதையும் சேர்ந்து கரைஞ்சிடும்மா. உங்களுக்குக் கொழுப்புதான் குறையணும், பலம் குறையக் கூடாது. வெட்டின இடம் ஆறி நீங்க எழுந்து நடக்கணும் இல்ல? வயிறு நிறையவே சாப்பிடுங்க. முட்டை, மீன், பயறு, கீரை, பழம், தவிடு நீக்காத தானியம். எதுவும் கடையில பதப்படுத்தினதா இருக்கக் கூடாது. எண்ணெய் பேருக்குத்தான். வெண்ணெய், சர்க்கரை, பேக்கரிப் பண்டம் எதையும் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க."

பேக்கரிப் பண்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதா! என்னிடமா சொல்கிறாள்? எனக்குத் தம்பி வைத்த பெயரே பீப்பாக்கா. அவன் குச்சி மாதிரி இருப்பான். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது அவன் வேலை. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையும் காலும் இன்னும் வற்றி, வயிற்றில் மட்டும் நீர் கோத்துக் கிடந்தது. சின்ன வயதில் வந்த காமாலைக் கிருமி உள்ளேயே உட்கார்ந்து ஈரலைத் தின்றுவிட்டது. ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை அவன். ஆனாலும் "குடிப்பழக்கமா?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் நாக்கு அழுகிப்போக.

அம்மாவுக்கு வயது கடந்துவிட்டது. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ரத்தம் பொருந்தியது எனக்கு மட்டும்தான். என்னைக் கட்டினவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து நானும் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன், அதனால் என்னைத் தடுக்க யாரும் இல்லை. இரண்டு மாதத்தில் கொழுப்பு வரம்புக்குக் கீழே இறங்கினால் உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்கு மேல் தம்பி தாங்க மாட்டான் என்பதையும் எங்களிடம் தனியாகச் சொன்னார்.

அன்று நாங்கள் வெளியே வரும்போது வராந்தாவில் ஒரு கிழவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தன் அண்ணனுக்கு ஈரல் கொடுத்த அவர் மகள் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டாளாம். மறுநாள் அண்ணனும். அம்மா நின்று அவரையே பார்த்தாள். "வாம்மா, பஸ் போயிடும்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஆயிரத்தில் ஒருத்தருக்கு அப்படி ஆகும், அந்த ஒருத்தி நானாக இருக்க மாட்டேன் என்று வழியெல்லாம் சொன்னேன்.

மறுநாள் காலையில் அம்மா அடுப்பைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். "உனக்கு வேலை இருக்கு, பெரியவளே. சமையலை நான் பார்த்துக்கறேன்" என்றாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் வேலை செய்வது ஒரு சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் கொடுத்துத் தேய்த்து, மடித்து அனுப்புவோம். ஈர விரிப்பை மெஷினிலிருந்து வெளியே இழுப்பது லேசில்லை. முன்பெல்லாம் அந்த வேலையை அடுத்தவள் தலையில் கட்டிவிட்டு நான் மடிக்கப் போய்விடுவேன். இப்போது நானே ஓடி ஓடி இழுத்தேன். மத்தியானம் அவித்த முட்டையும் பயறுமாக டப்பாவைத் திறந்தால், "என்னடி, மறுபடியும் கல்யாணமா?" என்று கிண்டல். பிறந்தநாள் என்று யாராவது கேக் வெட்டினால் எழுந்து கழிப்பறைக்குப் போய், அவர்கள் தின்று முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். நாக்கில் எச்சில் ஊறும். தம்பியை நினைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குவேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ராத்திரிக்கு அம்மா பயறு சூப் வைப்பாள். பயறையும் கேரட்டையும் வேகவைத்து, மசித்து, கெட்டியாக. அப்படியொரு ருசி! "பத்தியச் சாப்பாட்டையே இப்படி வைக்கிறியே, உன் கைக்கு வளையல் பண்ணிப் போடணும்மா" என்பேன். "இன்னும் கொஞ்சம் குடி" என்று கிண்ணத்தை நிரப்புவாள். பக்கத்திலேயே உட்கார்ந்து நான் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதம் முடிந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது.

"கை, கால்ல நல்லா பலம் ஏறியிருக்கு. ஆனா ஈரல்ல கொழுப்பு குறையலையேம்மா. முன்னைவிடக் கூடியிருக்கு."

"சத்தியமா நான் எதையும் தொடலை, டாக்டர்!"

"நான் குத்தம் சொல்லலை. இந்த ஈரலை எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் பிரயோஜனம் இல்லை. இறந்தவங்க யாரோடதாவது கிடைக்குதான்னு பார்ப்போம்." அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். தம்பிக்கு அவ்வளவு நேரம் இல்லை என்றார். வெளியே அந்த ஆலோசனைப் பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "வீட்ல யாரும்மா சமைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க" என்று கத்திவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வெகு முன்பே வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். சூப் பாத்திரத்தில் வெண்ணெய்க் கட்டி உருகிக்கொண்டிருந்தது. சின்னக் கட்டி இல்லை, உள்ளங்கை அளவு. பக்கத்தில் பாலாடைக் கிண்ணம். அவள் என்னைப் பார்த்தாள். எதையும் மறைக்கவில்லை.

"எத்தனை நாளாம்மா?"

"முதல் நாள்லேர்ந்து."

"அடிப்பாவி! அவன் உன் புள்ளை இல்லையா?"

"புள்ளைதான்." அடுப்பை அணைத்தாள். "ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு. ஒண்ணு அவிஞ்சுக்கிட்டே இருக்கு. இன்னொண்ணை என் கையாலயே எடுத்து அவங்க கத்தி முன்னாடி வைக்கச் சொல்றியா? அந்தக் கிழவர் அழுததை நீயும்தானே பார்த்தே."

"ஆயிரத்துல ஒருத்திம்மா! அவ்வளவுதான்! அவன் பொழைச்சிருப்பானே!"

"பொழைச்சிருக்கலாம்" என்றாள். "அதுவும் எனக்குத் தெரியும்." அப்படியே தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. பாத்திரத்தைத் தூக்கி, கழுவுகிற அங்கணத்தில் வீசினேன். பெற்றவள் என்றும் பார்க்காமல் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சின்னவன்கிட்ட சொல்லப்போறியா?"

சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் மஞ்சள்.

"என்ன பீப்பாக்கா, தேதி குடுத்துட்டாங்களா?"

அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவனுக்கு இன்னும் மிச்சமிருப்பது கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளும் பெற்றவள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று தெரிந்தா கிடப்பான்?

"முடியாதுன்னுட்டாங்கடா" என்றேன். "கொழுப்பு குறையலை. நான்தான்... வேலை இடத்துல கேக், ஐஸ்கிரீம்னு... வாயைக் கட்ட முடியலைடா."

முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் தலை கவிழ்ந்திருந்தது. சிரிப்பு மெல்ல நின்றது.

"ரெண்டு மாசம்தானேக்கா" என்றான். "ரெண்டே மாசம்."

அம்மா சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் பயந்தேன். அவள் சொல்லவில்லை.

அவன் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தான். "நீ அழாதேம்மா. உன் மேல என்ன தப்பு? வேளாவேளைக்கு நீதானே ஆக்கிப் போட்டே." அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அம்மா மட்டும் என்கூட இருக்கட்டும்" என்றான். "அக்காவைப் போகச் சொல்லு."