முகவரி மாறாத சுரங்கள்

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக மருமகள் என்னைத் தூது அனுப்பினாள். “சத்தம் வருதான்னு மட்டும் கேளுங்க அத்தை. வேற எதுவும் பேச வேணாம்.” பின்னறை பன்னிரண்டடி தூரம்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டேன். என் மகன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, “ஒண்ணும் வரலை. அனுப்பினாத்தானே வரும்னு சொல்லும்மா” என்றான். “வரலையாம்” என்பதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மீதியை வழியிலேயே விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். அவள் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதுகிறாள். எட்டிப் பார்த்தால் வெறும் அடைப்புக்குறிகள்தான். அத்தனையையும் மூடி முடிப்பதற்குள் எனக்கென்றால் பொழுது சாய்ந்துவிடும். எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்று அவள் எழுதியது நெட்வொர்க் வழியாகச் செய்தி அனுப்பும். அவனுடைய இசை மென்பொருள் அதை வாங்கி வாசிக்கும். போய்ச் சேர்ந்ததா என்று அது திருப்பிச் சொல்லாதாம். போட்டது போட்டதுதான்.

இரண்டும் ஒரே கணினியில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு நடனத்துக்காக இருவரும் சேர்ந்து அமைக்கும் இசையின் முடிவுப் பகுதியை வைத்துச் சண்டை. அவனுக்கு அது விறுவிறுவென்று ஓட வேண்டும், அவளுக்கு நிதானமாக நடக்க வேண்டும். அவன் தன் மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. இன்று பதினொரு மணிக்கு நடன ஆசிரியை அந்த இசையைக் கேட்க வருகிறார். சரிப்படவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருட உழைப்பு. அவன் வேண்டுமென்றே சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறான் என்று இவள் நினைக்கிறாள். இவள் கோபத்தில் அனுப்பவே இல்லை என்று அவன் நினைக்கிறான்.

பத்தே முக்காலுக்கு அவள் திரையில் ஒரு வரியையே உற்றுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

“அனுப்புற அட்ரஸை மாத்தவே இல்லை அத்தை. மூணு நாளா என் கம்ப்யூட்டர் தனக்குத்தானே அனுப்பிட்டு இருந்திருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் கணினியின் முகவரி எண்ணைக் கேட்டு வரட்டுமா என்றேன்.

“வேணாம். நானே போறேன்.”

போனாள். அவன் ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வது கேட்டது. திரும்பி வந்து அந்த எண்ணைத் தட்டினாள். பின்னறையிலிருந்து முடிவுப் பகுதி ஓடி வந்தது. ஆமாம், ஓடித்தான் வந்தது. அவன் ஞாயிறன்று கேட்ட அதே வேகத்தில் அவள் அனுப்பியிருந்தாள். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. நான் போய்க் கதவைத் திறக்கும்போது இசை பாதியில் நின்றது.

“கொஞ்சம் மெதுவாவே அனுப்பேன்” என்று பின்னறையிலிருந்து அவன் குரல்.

ஆசிரியைதான் வந்திருந்தார். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாசற்படியைத் தாண்டாமல், தலையைச் சற்றுச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே முதல் சுரம் எழுந்தது.