போகும் இடம் குறிக்காத கப்பல்

இரண்டு கப்பல்களிலும் ஒரே நாட்டுக் கொடி. இரண்டிலும் சமையல் எரிவாயு. ஒன்று போர் நடக்கும் ஜலசந்தியைக் கடந்து கொச்சித் துறைமுகத்தின் வைப்பின் தீவை நோக்கி வந்துகொண்டிருந்தது. வசந்தியின் கணவன் ஆனந்தகுமார் வேலை பார்க்கும் மற்றொன்று வளைகுடாவுக்குள்ளேயே நின்றது. ஜலசந்திக் கரையை ஆளும் நாடு அதற்கு வழி விடவில்லை. காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை. மட்டாஞ்சேரி வீட்டில் அமர்ந்து, கைப்பேசியின் கப்பல் வரைபடத்தில் அசையாத அந்தப் புள்ளியையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற கப்பல்மீது நேற்று ஏவுகணை விழுந்திருந்தது.

"கொடி ஒண்ணுதானே அனில் சேட்டா? அதை விட்டவன் இதை ஏன் விடமாட்டேங்கான்?"

அடுத்த வீட்டு அனில் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவன். "தோப்பும்படி மீன்பிடி போட்டுன்னு நெனச்சியா, பெயிண்ட் பார்த்து ஊர் சொல்ல?" என்றான்.

மீன்பிடிப் படகுக்கு அந்தக் கணக்கு சரி. கேரளத்துக்கு ஒரு நிறம், தமிழ்நாட்டுக்கு வேறு நிறம். பெரிய கப்பலின் கொடியோ, வரி குறைந்த ஏதோவொரு நாட்டில் பதிவு செய்ததற்கான அடையாளம். ஆபத்து வந்தால் அந்த நாடு எட்டிப் பார்க்காது.

"அப்ப யாருதான் பேசுவா?"

"கேஸ் ஆருக்கு வேணுமோ அவங்க பேசும்."

அந்நேரம் ஆனந்தகுமார் அழைத்தான். "குடிதண்ணியே அளந்துதான் ஊத்துதாங்க வசந்தி. பிள்ளைய பாத்துக்கோ."

"சாவப்போற மாதிரி பேசாதிய! கப்பல் எங்க போகுதுன்னு போட்டிருக்கு?"

"எங்கயும் போடல. சரக்கு இன்னும் விக்கல. விலை ஏறட்டும்னு முதலாளி இருக்காரு."

வசந்தி கடந்துபோன கப்பலின் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். சேருமிடம்: கொச்சி.

ஜலசந்திக் கரையை ஆளும் நாட்டுக்கும் தன் எண்ணெயை விற்றாக வேண்டும். வாங்கும் தில்லியைப் பகைத்துக்கொள்ள அது விரும்பாது. தில்லிக்கும் அடுப்பெரிய வேண்டும். அதனால் தில்லி போரிடும் இரண்டு பக்கத்தோடும் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் விற்காத சரக்குக்காக எந்த நாடு பேசும்?

"எல்லாரும் சேந்து கேப்டன்ட்ட சொல்லுங்க. இந்தியாவுக்கு வித்தாத்தான் வழி விடுவான்."

"முதலாளி சிரிப்பாருட்டி."

"குண்டு விழுந்தா சரக்கும்லா எரியும்? அதைச் சொல்லுங்க, சிரிக்கட்டும்!"

இணைப்பு அறுந்தது. இரவு முழுக்க ஏவுகணைச் செய்திகள். அவள் கைப்பேசியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மறுநாள் மாலை புள்ளி நகர்ந்தது.

குண்டு விழுந்தால் சரக்கும் எரியும் என்று கேப்டன் சொன்னதும், முதலாளி எரிவாயுவை அன்றைய விலைக்கே இந்திய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார். கப்பல் தன் சேருமிடத்தைக் கொச்சி என்று அறிவித்தது. எங்கள் சரக்கு, வழி விடுங்கள் என்று தில்லி கேட்டது. கரையை ஆளும் நாடு வழி விட்டது.